குப்புறக் கிடந்து கேட்ட விம்பிள்டன்

மாண்ட்ரியலில் என் கண்ணில் முதலில் பட்டவை நடைபாதையில் கிடந்த மெத்தைகள். 2008 ஜூலை முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல். விமான நிலையம் இருக்கும் டோர்வலிலிருந்து தம்பி முரளியின் வீட்டுக்குப் போகும் வழியெங்கும் சோபா, அலமாரி, குளிர்பதனப் பெட்டி, தொட்டிச் செடி எல்லாம் தெருவில் நின்றன. வெள்ளம் வந்து வடிந்த ஊர் போலிருந்தது. அப்படியே சொன்னேன்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த தவராசா சிரித்தார். "வெள்ளமும் இல்லை, ஒண்டும் இல்லை அக்கா. இண்டைக்கு மொன்றியலிலை எல்லாரும் வீடு மாறுற நாள். வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே நாளிலைதான் முடியும். ஊரே எழும்பி ஊருக்குள்ளையே போகுது."

தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பதுக்குள் இருக்கும். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் முரளி குடியிருக்கும் அடுக்ககத்தில், அதே நான்காவது மாடியில், எதிர்வீடு. பக்கத்து மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வரும் வேலை. கண்ணில் கோளாறு என்பதால் முரளியால் கார் ஓட்ட முடியாது. இரவு வேலை முடிந்து தூங்காமல் இவர்தான் வந்திருந்தார்.

விமான நிலையத்தில் அவரை ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டேன். என் பெட்டி வரவில்லை. நான்கு பக்கமும் மஞ்சள் நைலான் கயிறு கட்டி, பதினொரு முடிச்சுப் போட்ட பெட்டி. சுழலும் பட்டையில் கடைசிப் பெட்டியும் போன பிறகு, சீருடை அணிந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "கயிறு கட்டின பெட்டியோ அக்கா? அது மெஷினிலை சிக்குமெண்டு அங்காலைப் பக்கம் விட்டிருப்பினம். வாங்கோ." ஒரு தனிக் கதவருகே, ஒரு படகுக்கும் இரண்டு மிதிவண்டிகளுக்கும் நடுவே, பருப்புப்பொடி வாசனையோடு என் பெட்டி உட்கார்ந்திருந்தது. "ஊரிலையிருந்து வாற பெட்டியை நாங்கள் இங்கைதான் வந்து தேடுறனாங்கள்" என்றார் அந்தப் பெண். பெயர் கேட்க மறந்துவிட்டேன் என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முரளிக்கு வயது நாற்பத்தேழு. மென்பொருள் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. இடது கண்ணில் பிறந்ததிலிருந்தே பார்வை குறைவு; வலது கண்தான் அவனுக்கு எல்லாம். அந்த வலது கண்ணின் விழித்திரையில், நட்ட நடுவில், ஊசி முனை அளவு ஒரு துளை விழுந்திருந்தது. படிக்கிற எழுத்தின் நடு எழுத்து காணாமல் போகும், ஆள் முகத்தில் மூக்கு இருக்காது என்று தொலைபேசியில் சொன்னான். அறுவைச் சிகிச்சை சுலபம்தானாம். அதற்குப் பிந்தைய ஒரு வாரம்தான் கஷ்டம். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விடுவார்கள். குமிழ் எப்போதும் மேலே எழும். முகத்தைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தால்தான் அது கண்ணின் பின்சுவரில் போய் அழுத்தி, துளையை மூட வைக்கும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஏழு நாள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் போனேன்.

புதன்கிழமை ஒரு நாற்காலி வந்தது. வாடகைக்கு எடுத்தது. உட்காரும் இடத்தில் முழங்காலை வைத்து, மார்பைச் சாய்த்து, முகத்தை ஒரு வட்டத் திண்டுக்குள் புதைத்துக்கொள்ளும் நாற்காலி. திண்டின் நடுவில் ஓட்டை. அதன் வழியே தரை தெரியும். தரையில் செய்தித்தாள் விரித்தேன். நான் ஏறிப் பார்த்தேன். எட்டாவது நிமிடம் கழுத்து வலித்தது.

வியாழக்கிழமை காலை அறுவை முடிந்தது. மருத்துவர் ஒரு பெண்மணி. பிரெஞ்சு வாசனை வீசும் ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "என் வேலை முடிந்தது, மீதி உங்கள் வேலை. குமிழ் விலகினால் துளை மறுபடி திறக்கலாம். இவருக்கு இருப்பது இந்த ஒரு கண். அடுத்த வெள்ளிக்கிழமை வரை இவருக்குத் தரையைத் தவிர வேறு ஊர் கிடையாது." முரளியின் மணிக்கட்டில் பச்சை வளையம் ஒன்றை மாட்டினார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, விமானத்தில் ஏறக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

சாப்பாடு பெரும் பாடு. தவராசாவின் மனைவி இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பினார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு இடியப்பத்தைச் சமாளித்துவிட்டான். சொதி மூக்கில் ஏறியது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் கலந்த அந்த மஞ்சள் குழம்பை வடிகட்டி, தம்ளரில் ஊற்றி, உறிஞ்சுகுழல் போட்டுக் கீழேயிருந்து நீட்டினேன். "சொதியை ஸ்ட்ரோவிலை குடிச்ச முதல் தமிழன் நீர்தான் தம்பி" என்றார் தவராசா.

வெள்ளிக்கிழமை நான் பேருந்தில் தொலைந்தேன். சொட்டு மருந்து ஒன்று வாங்க வேண்டியிருந்தது. மருந்துக் கடைக்குச் சரியாகப் போய்விட்டேன். திரும்பும்போது என் நிறுத்தம் நெருங்கியது. எழுந்து கதவருகே நின்றேன். பேருந்து நிற்கவில்லை. திருச்சியில் யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடத்துநர் விசில் அடிப்பார். இங்கே நடத்துநரே கிடையாது. ஜன்னலோரக் கயிற்றை நாமே இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நிறுத்தங்களில் யாருமே நிற்காததால் வண்டி ஆறு நிறுத்தம் தாண்டிவிட்டது. மருந்து போட வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஓட்டுநரிடம் மருந்துப் பொட்டலத்தையும் கடிகாரத்தையும் காட்டி, என் கண்ணையும் தொட்டுக் காட்டினேன். அவர் வண்டியை நிறுத்தி, எதிர்ப்பக்கம் வந்த பேருந்தின் ஓட்டுநரைக் கையசைத்து நிற்க வைத்து, என்னை அதில் ஏற்றிவிட்டார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. "மெர்சி" என்று மட்டும் பிரெஞ்சில் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். நான்கு நிமிடம் முன்னதாக வீடு சேர்ந்தேன்.

இனி டென்னிஸ்.

நான் திருச்சியில் வானிலை நிலையத்தில் பதிவாளர். வேலைக்குச் சேர்ந்தது 1981இல். முரளி அப்போது சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தான். அங்கே வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள அனுமதியில்லை. விம்பிள்டன் இறுதிப் போட்டியை நான் சிற்றலை வானொலியில் கேட்டு, ஒவ்வொரு புள்ளியையும் நோட்டில் குறித்து, மறுநாள் உள்நாட்டுக் கடிதத்தில் அவனுக்கு எழுதினேன். மேகத்துக்கும் காற்றுக்கும் குறி போடுகிற கை. சர்வீஸுக்கும், பந்து தரை தொடுமுன் அடிக்கும் வாலிக்கும் குறி கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பழக்கம் நின்றுபோகவில்லை. தலையில் பட்டை கட்டிய ஸ்வீடன்காரர் தோற்றது, விழுந்து விழுந்து பந்தைப் பிடித்த பதினேழு வயது ஜெர்மானியர் வென்றது, தோற்ற துக்கத்தில் அரச குடும்பத்துப் பெண்மணியின் தோளில் சாய்ந்து அழுத செக் நாட்டுக்காரி, பல முறை தோற்று, கடைசியில் ஒரு திங்கட்கிழமையில் கோப்பையைத் தொட்ட குரோஷியாக்காரர், எல்லோரும் என் நோட்டுகளில் இருக்கிறார்கள். யார் பக்கமும் நான் சாய்ந்ததில்லை. பதிவாளருக்குப் பக்கம் கிடையாது.

இந்த ஆண்டு முரளியால் பார்க்க முடியாது. வலது கண் கட்டுக்குள். இடது கண்ணுக்குத் தரை. வெள்ளி மாலை தவராசா பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வீடு மாறியவர்கள் நடைபாதையில் விட்டுப் போனதாம்.

"இதைக் கீழே சாத்தி வைச்சால் தம்பி தலையைத் தூக்காமலே டிவி பாக்கலாம்."

வைத்துப் பார்த்தோம்.

"என்னடா தெரியுது?" என்று கேட்டேன்.

"பச்சையா ஏதோ தெரியுது. புல்லு. பந்து தெரியலைக்கா."

"அதோட கண்ணாடியில இடது வலதா மாறிடும்" என்றேன். "உனக்குப் பிடிச்ச ஸ்பெயின்காரர் இடக்கையர். இதுல பாத்தா வலக்கையால ஆடுவார். நோட்டுல எப்படி எழுதறது?"

"அக்கா கவலையைப் பாத்தீங்களா அண்ணை" என்றான் முரளி தரையிடம். கண்ணாடி தாழ்வாரத்துக்குப் போனது.

சனிக்கிழமை பெண்கள் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் அக்காளும் தங்கையும் மோதினார்கள். நான் பார்த்துச் சொல்லச் சொல்ல முரளி கேட்டான். அக்காள் ஜெயித்தாள். ஜெயித்தவள் பெரிதாகத் துள்ளவில்லை. தங்கையை அணைத்துக்கொண்டு, கொண்டாட்டத்தை அடக்கிக்கொண்டாள். சொன்னேன்.

"எப்பவும் அக்காதான் ஜெயிப்பா" என்றான் முரளி. "எதுத்துப் பேச முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆண்கள் இறுதிப் போட்டி தொடங்க வேண்டும். லண்டனில் மழை. அரை மணி தாமதம். தவராசா ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரியோடு வந்தார். அந்தப் பருவத்தில் கியூபெக் முழுக்க அந்தப் பழம்தான். நம் ஊரில் விற்பதைவிடச் சிறியது, உள்ளே வரை சிவப்பு. விம்பிள்டனில் க்ரீம் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். எங்களிடம் தயிர்தான் இருந்தது.

ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து வென்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஒரு பக்கம். அவரிடம் இரண்டு முறை இறுதியில் தோற்ற ஸ்பெயின்காரர் மறுபக்கம். முரளி ஸ்பெயின்காரர் பக்கம். தவராசா எதிர்.

"என்ட தம்பி சூரிச்சிலை இருக்கிறான். அந்த நாடு அவனுக்கு விசா குடுத்தது. நாங்கள் நன்றி மறக்கிற ஆக்கள் இல்லை. சுவிஸ்தான்."

"உங்களுக்கு விசா குடுத்தது கனடாதானே அண்ணை?"

"கனடாக்காரன் ஆரும் ஃபைனலுக்கு வரேல்லையே தம்பி. நான் என்ன செய்ய?"

முதல் செட்டை வருணிக்கும் பொறுப்பைத் தவராசாவிடம் விட்டேன். நான் நோட்டில் குறித்தேன். அவரிடம் விட்டது பெரும் தவறு. அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "வாறான், வாறான், அடிச்சான், ஐயோ, அவன் அதையும் எடுத்திட்டான், என்ன பிறவியப்பா இவன்!" என்று கத்தினார். ஒவ்வொரு கத்தலுக்கும் முரளியின் தலை ஓட்டுக்குள்ளிருந்து வரும் ஆமைத் தலை போல மேலே எழுந்தது. ஓரத்தில் குறித்து வைத்தேன். முதல் செட்டில் தலை தூக்கல்: ஒன்பது. செட் ஸ்பெயின்காரருக்கு.

"தம்பி, தலையைத் தூக்காதையும்" என்று கடைசியில் தவராசாவே பயந்துபோய்ச் சொன்னார். "அக்கா, நீங்களே சொல்லுங்கோ. நான் கதைச்சால் இவருக்குக் கண் போயிடும்."

இரண்டாவது செட்டிலிருந்து நான் சொன்னேன். சர்வீஸ் யாருடையது, பந்து எந்தப் பக்கம் போனது, யார் தவறினார், புள்ளி எவ்வளவு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. குரலையும் உயர்த்தவில்லை.

"அக்கா, ரேஷன் கடைப் பட்டியல் வாசிக்கற மாதிரி இருக்கு."

"தலை கீழேதானே இருக்கு?"

"தூக்கம்கூட வருது."

இரண்டாவது செட்டில் தலை தூக்கல்: இரண்டு. செட் மறுபடியும் ஸ்பெயின்காரருக்கு.

பந்துக்கும் பந்துக்கும் நடுவே புல்லைப் பற்றிச் சொன்னேன். நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில், இரண்டாம் வாரக் கடைசியில், சர்வீஸ் கோட்டிலிருந்து வலை வரைக்கும் புல் தேய்ந்து பாதை விழுந்திருக்கும். எல்லோரும் சர்வீஸ் போட்டதும் வலைக்கு ஓடுவார்கள். இப்போது வலையருகே புல் பச்சையாக நிற்கிறது. பின்கோட்டை ஒட்டி மட்டும் வெறும் மண். இவர்கள் அங்கேயே நின்று அடித்துக்கொள்கிறார்கள். புல்லைப் பார்த்தே யார் காலத்து ஆட்டம் என்று சொல்லிவிடலாம். முரளி இதை ஆர்வமாகக் கேட்டான். தலை அசையவில்லை.

மூன்றாவது செட்டின் கடைசியில் மழை. நல்ல மழை, ஆடுகளத்தை மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம். முரளியை எழுப்பி, மருந்து போட்டு, தயிர்ச்சாதம் கொடுத்து, மறுபடி கவிழ்த்தேன். தவராசா சோபாவில் சற்று நேரம் தூங்கினார். மழை விட்டதும் சுவிஸ்காரர் மூன்றாவது செட்டை டை-பிரேக்கரில் எடுத்துக்கொண்டார். நான்காவதும் டை-பிரேக்கருக்குப் போனது. ஏழு புள்ளி எடுத்தால், இரண்டு புள்ளி வித்தியாசம் இருந்தால், ஸ்பெயின்காரர் சாம்பியன்.

மணி இரண்டு நாற்பது. ஐந்துக்கு இரண்டு. ஸ்பெயின்காரர் முன்னிலை, சர்வீஸும் அவருடையது.

"அஞ்சுக்கு ரெண்டு" என்றேன் என் ரேஷன் கடைக் குரலில்.

அந்தக் குரல் பயன்படவில்லை. முரளியின் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடிகளை அழுத்தின. தோள் எழுந்தது. "ரெண்டே புள்ளிக்கா! ரெண்டே புள்ளி! இதை மட்டும் பாத்துடறேன்." கழுத்து நிமிர்ந்துவிட்டது. நான் எழுந்து போய்ப் பிடிப்பதற்குள் முகம் திண்டை விட்டு வந்துவிடும். அவனுக்கு இருப்பது அந்த ஒரு கண்.

"மழை" என்றேன்.

அவன் அப்படியே நின்றான்.

"மழை வந்துடுச்சுடா. நிறுத்திட்டாங்க. கவிழ்ந்துக்கோ." தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் அடக்கினேன். சொன்னதைக் குறிக்கும் பழக்கத்தில், நேரத்தோடு அதை நோட்டிலும் எழுதிவிட்டேன்.

தவராசா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் ஸ்பெயின்காரர் சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார். முரளி மெதுவாகத் திண்டுக்குள் முகத்தை வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சத்தமில்லாமல் பார்த்துக் குறித்தேன். இரட்டைத் தவறு, ஐந்துக்கு மூன்று. பிறகு தலா ஐந்து. சுவிஸ்காரருக்கு செட்டை முடிக்க வாய்ப்பு, போயிற்று. ஸ்பெயின்காரருக்குக் கோப்பைக்கான புள்ளி, போயிற்று. மறுபடி கோப்பைக்கான புள்ளி, எட்டுக்கு ஏழு. வலைக்கு ஓடி வந்தவரைத் தாண்டி, சுவிஸ்காரர் பின்கையால் கோட்டோரமாக ஒரு பந்தை அனுப்பினார். இருபத்தேழு ஆண்டுக் குறிப்புகளில் அப்படியொரு பந்து இல்லை. தவராசா தோளில் கிடந்த துவாயை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை.

ஆனால் எல்லா வீட்டு ஜன்னல்களும் திறந்து கிடக்கிற மாதம் அது. எதிர்க் கட்டடத்திலிருந்து பெரும் கூச்சல் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றான் முரளி.

தவராசா துவாயை உருவினார். "ஆரோ வீடு மாறினம் தம்பி. அலுமாரி இறக்கிறாங்கள்."

"இன்னிக்கா? ஆறாம் தேதியா?"

"ஓம். பிந்தின ஆக்கள்."

செட் சுவிஸ்காரருக்கு. செட் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது செட் தொடங்கிவிட்டது. முரளிக்கோ இன்னும் ஐந்துக்கு இரண்டு. நோட்டின் பின்தாள்கள் சிலவற்றைக் கிழித்து, பென்சிலோடு தவராசாவிடம் கொடுத்து, குறிக்கும்படி சைகை காட்டினேன். என் நோட்டுத் தாளில் வேறொருவர் கை பட்டது அன்றுதான். பிறகு நாற்காலி அருகே தரையில் உட்கார்ந்து, மழை விட்டுவிட்டதாகச் சொல்லி, முன்பக்கங்களை எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே சரியாக இருபது விநாடி விட்டேன். "எட்டுக்கு ஏழு. ஸ்பெயின்காரர் சர்வீஸ். வலைக்கு வருகிறார். பின்கை. கோட்டோரம். எட்டுக்கு எட்டு." அவன் ஒரு மூச்சு விட்டான். தலை அசையவில்லை. செட்டை முடித்தேன், ஐந்தாவது செட்டுக்கு வந்தேன். தவராசா எழுதியிருந்ததைப் படிப்பது எளிதாக இல்லை. என் குறிகள் தெரியாததால் "நல்ல அடி", "சீ", "தேவையில்லாத வேலை" என்றெல்லாம் எழுதியிருந்தார். புள்ளிகள் மட்டும் சரியாக இருந்தன.

ஐந்தாவது செட், இரண்டுக்கு இரண்டு. லண்டனில் உண்மையாகவே மழை வந்தது. ஆட்டம் நின்ற அந்த நேரத்தில்தான் என் வாசிப்பு நடப்பை எட்டிப் பிடித்தது. அந்த மழைக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

"மழை" என்றேன்.

தரையிலிருந்து குரல் வந்தது. "இது உன் மழையா, அங்க பெய்யற மழையா?"

தவராசா திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எதிர்க் கட்டடத்துல கத்தினப்பவே. அலமாரி இறக்கறவங்க ஸ்பானிஷ்ல சாமியைக் கூப்பிட்டுக் கத்துவாங்களா? அண்ணை, உங்களுக்குப் பொய்யே வரலை."

"எனக்கு வாயெல்லாம் துவாய் தம்பி."

"அப்ப ஏன்டா தலையைத் தூக்கலை?" என்றேன்.

 முரளி தரையைப் பார்த்தே சொன்னான். "மேலதிகாரி கேட்டும் நீ ஒரு துளி மழையைக் கூட்டி எழுதினதில்லை. ஊர்ல தூறல் போட்டாக்கூட அளந்துட்டுத்தான் மழைன்னு சொல்லுவே. நீ மழைன்னு பொய் சொல்லிட்டியேக்கா. அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு. டாக்டர் சொன்னப்பகூட வரலை."

 மருந்து போடும் நேரம் ஆகியிருந்தது. போட்டேன்.

அரை மணி நேரத்தில் மழை விட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் ஒலியைத் திறந்தேன். "அண்ணையே சொல்லட்டும்" என்றான் முரளி. "நான் தூக்க மாட்டேன்." தவராசா சொன்னார். முதல் செட்டைவிட அதிகமாகவே கத்தினார். ஏழுக்கு ஏழில் சுவிஸ்காரரின் சர்வீஸ் ஆட்டம் பறிபோனபோது தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். லண்டனில் இருட்டிக்கொண்டு வந்தது. பந்து தெரிகிறதா என்று ஆட்டக்காரர்களே சந்தேகப்படுகிற இருட்டு. எங்கள் ஜன்னலில் நாலு மணி வெயில் பளீரென்று அடித்தது. ஒன்பதுக்கு ஏழு. சுவிஸ்காரரின் பந்து வலையில் விழுந்தது. ஸ்பெயின்காரர் மல்லாந்து புல்லில் விழுந்தார்.

"விழுந்திட்டான் தம்பி, உம்மடை ஆள் வெண்டிட்டான்" என்றார் தவராசா. "மல்லாக்கப் படுத்திருக்கிறான். நீர் குப்புறப் படுத்திரும்."

ஐந்தாவது செட்டில் தலை தூக்கல்: பூஜ்யம்.

 திண்டின் ஓட்டைக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. இரண்டும் இடது பக்கமாக விழுந்தன. தவராசா தரையில் மண்டியிட்டு, நாற்காலிக்கு அடியில் கையை நீட்டி, அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "தோத்தது எங்கடை ஆள்தான். ஆனால் எப்பிடித் தோத்தான் பாத்தீரே? வெண்டவனுக்குச் சமமாய்த் தோத்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை பரிசோதனை. மருத்துவர் வெகு நேரம் கருவியில் பார்த்தார். நான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிடம். "மூடிவிட்டது" என்றார். பிறகு, "ஏழு நாளும் அசையாமல் இருந்தாரா?" என்று கேட்டார். பதினொரு தடவை அசைந்தார் என்று முதல் இரண்டு செட்டுக் கணக்கைச் சொன்னேன். அதற்குப் பின் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "மழை பெய்தது" என்றான் முரளி. அவருக்குப் புரிந்திருக்காது. எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

ஆகஸ்டு முதல் வாரம் நான் ஊர் திரும்பினேன். அதற்குள் குமிழ் நாளுக்கு நாள் சுருங்கியிருந்தது. அவன் கண்ணுக்கு அது கீழே தேங்கிய நீர் போலத் தெரியுமாம். அதற்கு மேலே தெளிவு. மழைமானியில் நீர்மட்டம் பார்ப்பது போலக் காலையில் கேட்டு எழுதிக்கொள்வேன். பாதி, பாதிக்குக் கீழே, கால். என் பெட்டிக்குத் தவராசாவே மஞ்சள் கயிறு கட்டினார். பதினொரு முடிச்சு. "கட்டாட்டில் அது உங்கடை பெட்டி இல்லை" என்றார். அவருக்கும் அவர் மனைவிக்கும் நான் சொல்லத் தொடங்கிய நன்றியை முடிக்க விடவில்லை.

விமான நிலையத்தில், கயிறு கட்டிய பெட்டிகளை வாங்கும் கதவருகே, நோட்டை எடுத்தேன். ஒரு வேலை மிச்சமிருந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. பதிவில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது. படிக்கும்படியாக ஒரு கோடு மட்டும் இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, பதிவாளரும் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். டை-பிரேக்கர் பக்கத்தைத் திறந்து, பேனாவையும் வழியனுப்ப வந்திருந்த முரளியிடம் நீட்டினேன். "சாட்சிக் கையெழுத்துப் போடு."

முரளி நோட்டை வாங்கினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, பக்கத்தை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தான்.

"ரெண்டு நாப்பத்தொண்ணு. மழை. ஆட்டம் நிறுத்தம்."

ஒரு எழுத்தும் விடாமல், நடு எழுத்தோடு சேர்த்து வாசித்தான். அறுவைக்குப் பின் அந்தக் கண்ணால் அவன் வாசித்த முதல் வரி அது.

"கோடு அடிக்காதேக்கா" என்றான். "இருக்கட்டும்."

விதி விதிதான். ஆனாலும் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.